நாற்பத்தொரு பார்சலும் ஒன்பது கூடை மீனும்

வர்த்தக சங்கத்தில் எனக்கு வேலை கிடைத்த புதிதில் என் மாமனார் ஒரு கேள்வி கேட்டார். "அங்க என்னா மாப்ள வேல?" சரக்கு விற்பதில்லை, வாங்குவதும் இல்லை என்றேன். "பின்ன என்னாதான் பண்றீங்க?" கடைக்காரர்களுக்கு ஒத்தாசை செய்கிறோம் என்றேன். மனிதர் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டார். "கடக்காரனுக்கு எதுக்கு மாப்ள ஒத்தாச? அவன்கிட்டேர்ந்து நம்மளக் காப்பாத்த ஒரு சங்கம் இருந்தா சொல்லுங்க, நான் சேர்றேன்" என்றார்.

சங்க அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடமும் யாராவது இதைக் கேட்டிருப்பார்கள். மனு எழுதுவது எப்படி, சான்றிதழ் கொடுப்பது எப்படி என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை நான் தொடப்போவதில்லை. ஒத்தாசை செய்கிறேன் பேர்வழி என்று கிளம்பி, எங்கள் உறுப்பினர் ஒருவரின் பிழைப்பில் நான் மண்ணைப் போடப் பார்த்த கதையை மட்டும் சொல்கிறேன். இப்போது சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு வேர்த்த வேர்வைக்கு வேட்டி நனைந்துவிட்டது.

அறுபதுகளின் நடுப்பகுதி. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடியறைதான் எங்கள் சங்கம். நான் உதவிச் செயலாளர். செயலாளர் என்று ஒருவர் இருந்தால்தானே உதவ வேண்டும், அந்த நாற்காலி காலி. எனவே எல்லாம் நான்தான். தலைவர் ஜவுளிக் கடைக்காரர். கஞ்சி போட்ட சட்டை கசங்கிவிடும் என்று நாற்காலியில் சாய்ந்துகூட உட்கார மாட்டார். சிதம்பரத்தில் எங்களுக்கு ஒரு கிளையும் உண்டு. கீழ வீதியில் ஒரு பாத்திரக் கடையின் பின்பக்கம், அண்டாக்களுக்கு நடுவே ஒரு நாற்காலி கிடக்கும். அந்த நாற்காலிதான் கிளை. பாத்திரக் கடைக்காரர்தான் கிளைச் செயலாளர்.

எங்கள் உறுப்பினர்கள் தங்கமானவர்கள். ஒருவர் வீட்டில் விசேஷம் என்றால் எல்லோரும் நிற்பார்கள். ஆனால் எந்த ஊரில் யாருக்குச் சரக்கு அனுப்புகிறோம் என்பதை மட்டும் ஒருவருக்கொருவர் மூச்சு விட மாட்டார்கள். அண்ணாமலை நகர் ஹாஸ்டல்களுக்கு நோட்டுப் புத்தகம் போடும் ஒருவர், எந்த ஹாஸ்டல் என்பதைத் தன் சொந்தத் தம்பியிடமே சொன்னதில்லை. இன்னொருவர் மகள் கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் போடாமல் வெளியூர் வாடிக்கையாளர்களுக்குத் தானே பஸ் ஏறிப் போய்க் கொடுத்தார். தபாலாபீஸ் வரிசையில் பின்னால் நிற்பவர் விலாசத்தைப் படித்துவிட்டால் என்ன ஆவது?

இவர்களுக்கு நடுவில்தான் தனகோடி இருந்தார். கடற்கரைக் குப்பத்திலிருந்து எங்கள் சங்கத்தில் சேர்ந்த ஒரே மீன் வியாபாரி. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷன், பெயர் வேண்டாம். குப்பத்தில் விடிகாலையில் இறங்கும் மீனை அங்கே காலைப் பாசஞ்சரில் ஏற்றி, சிதம்பரத்துக்கும் மாயவரத்துக்கும் அனுப்புவார். கூட்டத்துக்கு வந்தால் தானாகவே ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொள்வார். மற்றவர்கள் நாற்காலியை அரை அடி நகர்த்திப் போட்டுக்கொள்வார்கள். அவர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார்.

ஒரு சனிக்கிழமை மாடியேறி வந்தவர் முகமே சரியில்லை. "சார், நம்ம ஸ்டேஷன்ல பார்சல் புக்கிங்க நிறுத்தப் போறாங்களாம். போறது கம்மியா கீதுன்னு நோட்டீஸ் ஒட்டிக்கீறாங்க. புதன்கிழம பெரிய ஆபீசர் வந்து பாக்கறாராம்."

"நிறுத்திவிட்டால் என்ன செய்வீர்கள்?"

"மாட்டு வண்டியில கடலூருக்கு ஏத்திக்கினு போவணும். வண்டி போயி சேர்றதுக்குள்ள ரயிலும் பூடும், மீனும் பூடும். என்னெ நம்பி எட்டுக் கட்டுமரம் கடலுக்குப் போவுது சார்."

அன்று மாலையே கமிட்டி கூடியது. எல்லோருக்கும் உண்மையாகவே வருத்தம். மனு அனுப்ப நாள் இல்லை. அப்போது ஒரு யோசனை வந்தது. அதிகாரி வரும் அன்று சங்கத்து உறுப்பினர்கள் அத்தனை பேரும் அந்த ஸ்டேஷனுக்குப் போய் ஆளுக்கொரு பார்சல் புக் செய்தால் என்ன? ஸ்டேஷன் ஜே ஜே என்று இருக்கும். அதிகாரி அசந்து போவார். இந்த அபாரமான யோசனை யாருடையது என்று கேட்காதீர்கள். சரி, கேளுங்கள். என்னுடையதுதான். கமிட்டி கைதட்டியது. தலைவர் முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்தார்.

சாய்ந்தவர் மெதுவாக இன்னொன்றையும் சொன்னார். "ஆபீசர் வர்ற எடத்துல மீன் வாசன ஜாஸ்தியா இருந்தா நல்லாவா இருக்கும்? அன்னிக்கு மட்டும் கூடய கொஞ்சம் தள்ளி வெச்சிக்கச் சொன்னா?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். மறுநாள் தனகோடியிடம், பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில், எஞ்சின் நிற்கும் பக்கம் கூடைகளை வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாள்தானே என்றேன். "ஒரு நாளு தானே சார், வெச்சிக்கறேன்" என்றார். அப்போது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்றுதான் பார்க்கவில்லை.

சுற்றறிக்கையை நானே டைப் அடித்தேன். புதன்கிழமை காலை ஒவ்வொரு உறுப்பினரும் தவறாமல் ஒரு பார்சலுடன் வந்துவிட வேண்டும் என்று இரண்டு முறை அடிக்கோடு போட்டேன். என்ன அனுப்ப வேண்டும், யாருக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் எழுதவில்லை. வியாபாரிகளுக்கு அதைப் போய்ச் சொல்லித்தர வேண்டுமா என்று நினைத்தேன். சொல்லித்தந்திருக்க வேண்டும்.

புதன்கிழமை. தங்கள் ஊரிலேயே இருக்கும் ரயில்வே ஸ்டேஷனைத் தாண்டி, பஸ் பிடித்தும் வண்டி கட்டியும் அந்தச் சின்ன ஸ்டேஷனுக்கு வந்து இறங்கினார்கள் எங்கள் ஆட்கள். சிலர் கட்டுச்சோறு வேறு கொண்டுவந்திருந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்த் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்தார். "என்னா சார், திருவிழாவா?" என்றார். வியாபாரம் பெருகிவிட்டது என்றேன். "நேத்து வரைக்கும் இல்லியே" என்றார்.

நாற்பத்தொரு பார்சல். சாக்கு, பெட்டி, கோணி, தகரம் என்று மலையாகக் குவிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரசீது போட்டுக்கொண்டிருந்த ஸ்டேஷன் மாஸ்டர் பத்தாவது பார்சலில் பேனாவை நிறுத்தினார். "சார், எல்லாத்துலயும் ஒரே அட்ரஸா இருக்கே."

போய்ப் பார்த்தேன். கிளைச் செயலாளர், வர்த்தக சங்கம், கீழ வீதி, சிதம்பரம். அடுத்ததிலும் அதுவே. அதற்கடுத்ததிலும் அதுவே. நாற்பத்தொன்றிலும் அதுவே.

அப்பள வியாபாரி ஒருவரை ஓரமாகக் கூட்டிப் போய், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று பல்லைக் கடித்தேன். "நெஜ அட்ரஸ எழுதச் சொல்றீங்களா? தோ, அந்தாளு நிக்கிறான் பாருங்க" என்று எதிரே நின்ற இன்னொரு அப்பள வியாபாரியைக் காட்டினார். அந்தாளும் அதே நேரத்தில் இவரைக் காட்டி யாரிடமோ அதையே சொல்லிக்கொண்டிருந்தார். தான் ஒருவர்தான் இப்படிச் சாமர்த்தியமாக யோசித்தோம் என்று நாற்பது பேரும் நினைத்திருக்கிறார்கள். நாற்பத்தொன்றாவது ஆள் நான். சங்கத்து ஆண்டு மலர் விற்காமல் கட்டுக்கட்டாகக் கிடந்தது. அதைப் பார்சல் கட்டி நானும் கிளைக்குத்தான் அனுப்பியிருந்தேன்.

விலாசத்தை மாற்றலாம் என்று நினைப்பதற்குள் தண்டவாளத்தில் டிராலி வந்து நின்றது. ஒல்லியாக, கையில் குடையுடன் ஒருவர் இறங்கினார். தள்ளி வந்த ஆட்கள் டிராலியைத் தண்டவாளத்திலிருந்து தூக்கி ஓரமாக வைத்தார்கள். தலைவர் மாலையோடு ஓடினார். அதிகாரி மாலையை வாங்கிக் குடைக்கம்பியில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பார்சலாக விலாசத்தைப் படித்தபடி நடந்தார். நாற்பத்தொன்றையும் படித்தார். மனிதருக்கு அவசரமே இல்லை.

"சிதம்பரத்துல உங்க கிளை ரொம்பப் பெரிசோ?"

"ரொம்ப ரொம்பப் பெரிசு சார்" என்றார் தலைவர். எனக்கு அண்டாக்களுக்கு நடுவே கிடக்கும் நாற்காலி கண்ணில் வந்தது.

"அப்படி என்ன ஒரே நாள்ல இவ்வளவும் போகுது?"

தலைவர் என்னைப் பார்த்தார். "பொருட்காட்சி சார்" என்றேன். வாயில் அதுதான் வந்தது. அதிகாரி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு, இரண்டு போர்ட்டர்கள் தூக்க முடியாமல் உருட்டிக்கொண்டிருந்த ஒரு பெட்டியைக் குடையால் தொட்டார். "இதுல என்ன?"

"அப்பளம் சார்" என்றார் அப்பள வியாபாரி.

"கெட்டி அப்பளமோ?"

"ஆமாங்க சார். ஸ்பெஷல்."

அதையும் எழுதிக்கொண்டார். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "ரெஜிஸ்டர பாத்துட்டுத்தான் வந்தேன். தினம் ஆறு கூடை, ஏழு கூடைன்னு தனகோடின்னு ஒரே ஒரு பேரு இருக்கு. அவரு எங்கே?"

நாற்பது வியாபாரிகளும் வானத்தைப் பார்த்தார்கள். மழை வருமா என்று ஒருவர் பக்கத்திலிருப்பவரைக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன், அதே நேரம் ரயில் ஊதியது.

அந்த ஸ்டேஷனில் பாசஞ்சர் நிற்பது இரண்டே நிமிஷம். பார்சல் ஏற்றுவது கடைசியில் இருக்கும் கார்டு வண்டியில். நான் முன்மாதிரியாக இருக்க வேண்டாமா? என் ஆண்டு மலர்க் கட்டை முதலில் உள்ளே தள்ளினேன். பின்னாலேயே நாற்பது பேரும் முண்டியடித்தார்கள். இரண்டு அப்பளக்காரர்களும் யார் பெட்டி முதலில் என்று வாசலில் சிக்கிக்கொண்டார்கள். அந்தக் கோடியிலிருந்து தனகோடியும் அவருடைய இரண்டு ஆட்களும் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்டக் கூடைகளைத் தலையில் வைத்துக்கொண்டு பிளாட்பாரம் முழுக்க ஓடிவந்தார்கள். அவரை அங்கே நிறுத்தியதே நான்தான் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

கார்டு கையை விரித்தார். "எடம் இல்லப்பா. நாளைக்கு ஏத்திக்க."

தனகோடி கத்தவில்லை. கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே சொன்னார். "நாளைக்கு இது இருக்காதுங்க."

கார்டு பச்சைக் கொடியைக் கையில் எடுத்தார்.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பார்சல்கள் போகட்டும், அதிகாரி நம்பினாலும் நம்பட்டும், ஸ்டேஷன் தப்பித்தாலும் தப்பிக்கட்டும். இறக்கச் சொன்னால் நாற்பது பேர் மானமும் தலைவர் மானமும் என் வேலையும் அங்கேயே போய்விடும். மீன் ஒரு நாள்தானே போகிறது என்று மனசு சொன்னது. ஒரு நாள்தானே! மூன்று நாளுக்கு முன்னால் அவரிடம் நான் சொன்ன அதே வார்த்தை. அதற்குச் சரி என்று சொன்ன மனிதர் அவர். இரண்டாம் தடவை அதை நினைத்தபோது எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

"இறக்குங்க! எல்லாத்தையும் இறக்குங்க!" என்று கத்திக்கொண்டு உள்ளே தாவினேன். கைக்கு அகப்பட்ட பெட்டியை இழுத்தேன். அது ஸ்பெஷல் அப்பளம். பிளாட்பாரத்தில் விழுந்து உடைந்து, பத்துப் பன்னிரண்டு செங்கல் அதிகாரி கால்வரைக்கும் ஓடியது. அவர் ஒரு செங்கல்லைக் குடையால் புரட்டிப் பார்த்தார்.

"ஐயா, பொருட்காட்சியும் இல்லை, ஒன்றும் இல்லை. இவை எல்லாம் பொய். மீன் மட்டும்தான் நிஜம். அது போக வேண்டும்" என்றேன். தலைவர் கண்களை மூடிக்கொண்டார்.

அதிகாரி குடையை உயர்த்தி கார்டுக்குக் காட்டினார். "வண்டி நிக்கட்டும்."

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலில் நாற்பது பேரும் அவரவர் பார்சலை மட்டும் தேடினார்கள். "மாமா, அது என்னுது, தொடாதீங்க!" "மச்சான், உன் சாக்கு என் கால்மேல கீதுடா!" பிறகு எப்படியோ புத்தி வந்தது. ஒருவர் கூடைக்குக் கை கொடுத்தார், அடுத்தவர் கொடுத்தார். தலைவர் கஞ்சிச் சட்டையோடு ஒரு கூடையைத் தூக்கினார், மீன் தண்ணீர் முழங்கையிலிருந்து இடுப்பு வரைக்கும் வழிந்தது. இரண்டு அப்பளக்காரர்களும் ஒரே கூடையை ஆளுக்கொரு காதாகப் பிடித்து ஓடினார்கள். நானும் இரண்டு கூடை தூக்கினேன். ஒன்பதும் ஏறியது. ரயில் போனது. நாற்பத்தொரு பேரும் ஒரே வாசனையோடு நின்றோம்.

அடியில் மாட்டிக்கொண்ட என் ஆண்டு மலர்க் கட்டும் இன்னும் இரண்டு பெட்டிகளும் ரயிலோடு போய்விட்டன. கிளைச் செயலாளர் அடுத்த நாளே கடிதம் எழுதினார். இரண்டு பெட்டி செங்கல்லும் புத்தகங்களும் பத்திரமாக வந்து சேர்ந்தன, கிளைக்குச் சொந்தக் கட்டடம் கட்டப் போகிறோமா என்று மிகுந்த சந்தோஷத்துடன் கேட்டிருந்தார்.

அதிகாரி ஒரு சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து, தனகோடியைக் கிட்டே கூப்பிட்டார். மூக்கைச் சுளிக்கவில்லை, நகர்ந்தும் உட்காரவில்லை. "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"ரெண்டே நிமிசம் சார். வண்டி இன்னும் ரெண்டு நிமிசம் நின்னா போதும். இப்ப நிக்கற நேரத்துல ஆறு கூட, ஏழு கூட ஏறும். மிச்சம் நின்னுபூடும். அத எடுத்துக்கினு போயி கருவாடா காயப் போட்டுடுவோம்."

"அப்போ போறது கம்மியா இருக்கறதுக்கே அதான் காரணமா?"

"ஆமா சார்."

அதிகாரி எழுதினார். இவ்வளவுதான் விஷயம். தனகோடி நான்கு வருஷமாக எங்கள் உறுப்பினர். மாதாமாதம் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். உங்களுக்கு என்ன வேண்டும் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. அவருக்கு உதவி செய்யப் புறப்பட்ட அன்றைக்கும் கேட்கவில்லை. எனக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது. அதிகாரி டிராலியில் ஏறும்போது தலைவரிடம், "உங்க அப்பளத்த எல்லாம் எடுத்துட்டுப் போயிடுங்க, பிளாட்பாரத்துல நடக்க வழி வேணும்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த சில வாரங்கள் தலைவர் என்னோடு பேசவில்லை. சட்டை வாசனை போகவே இல்லை என்று அவர் வீட்டில் சண்டையாம். நான் ராஜினாமாக் கடிதத்தை டைப் அடித்து மேஜைக்குள் வைத்துக்கொண்டேன். பிறகு ரயில்வேயிலிருந்து உறை வந்தது. பார்சல் புக்கிங் தொடரும். அடுத்த கால அட்டவணையிலிருந்து காலைப் பாசஞ்சர் அங்கே நான்கு நிமிஷம் நிற்கும்.

கமிட்டியில் தலைவர் அதை எழுந்து நின்று வாசித்தார். பலத்த கைதட்டல். "சங்கத்தின் அயராத முயற்சியால் கிடைத்த வெற்றி" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொன்னார். எழுதினேன். என் கை கூசியது, ஆனாலும் எழுதினேன். ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துக் கூடையில் போட்டேன்.

கூட்டம் கலைந்ததும் தனகோடி என்னைத் தேடி வந்தார். மச்சானையும் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும், விண்ணப்பப் பாரம் கொடுங்கள் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "உங்களைத் தள்ளி நிற்க வைக்கலாம் என்றது தலைவர், ஆனால் வந்து சொன்னது நான்தான். நியாயமாக நீங்கள் எங்கள்மேல் கோபப்பட வேண்டும்" என்றேன்.

"கோவம் இல்லாமயா சார்? அன்னிக்கு அந்தக் கோடியில நிக்கசொல்ல வவுறு எரிஞ்சிது. ஆனா எங்க ஜனத்துக்காவ நாப்பது பேரு கடய சாத்திட்டு வந்து நான் பாத்ததில்ல சார். வந்தது கோணலா இருந்தாலும் வந்தாங்க இல்ல."

பாரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு படி இறங்கியவர், நின்று திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு சார். அடுத்த தபா எனக்கு நல்லது பண்றதா இருந்தா, முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிப்புடுங்க."